பதினாலு இடம் வேண்டாம்: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு நாள்

மலேசியா கிள்ளானிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஏழு பேர் வருகிறார்கள், அம்மாவுக்கு 72 வயது. திருச்சியில் இறங்கி மதுரையில் தங்குகிறார்கள். ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். ஒரு டிராவல்ஸ்காரர் கைடோடு ஒரு நாள் டூர் என்று பதினாலு இடங்களைப் போட்டுப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். போகலாமா, கைடு அவசியமா என்பது கேள்வி. கூடவே, தாத்தா மண்டபம் கேம்ப் வழியாகத்தான் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார் என்று வீட்டில் சொல்வார்களாம், அதையும் பார்க்க ஆசை.

நான் பாம்பன்காரன். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்களை இந்தக் கரையில் கூட்டிக்கொண்டு சுற்றுவது பல வருஷமாக என் வேலை. அதனால் என் பிழைப்புக்கு விரோதமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைடு எல்லா இடத்துக்கும் தேவையில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்பதைப் பார்க்க எவனும் விளக்கம் சொல்ல வேண்டாம். ஆனால் இந்தக் கரையில் இருப்பதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. போன ஊர், போன ரயில், போன துறைமுகம். அதைச் சொல்ல ஆள் இல்லையென்றால் மணலைப் பார்த்து போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புவீர்கள்.

முதலில் கணக்கு. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். வழியில் காபி, பாத்ரூம் என்று நின்றால் போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. ஏழு மணி நேரம் வண்டியிலேயே போய்விட்டது. மிச்சத்தில் பதினாலு இடம் என்றால், வயதான அம்மாவை இறக்கி ஏற்றுவதற்கே நேரம் சரியாக இருக்கும். பட்டியலைப் பார்த்தேன். அதில் பாதி ராமேஸ்வரம் ஊரைச் சுற்றி உள்ள சின்னத் தீர்த்தங்களும் சன்னதிகளும். பக்தியோடு இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு அவை நல்லவை. ஒரு நாள்காரர்களுக்கு அவை எண்ணிக்கையை ஏற்றிக் காட்டத்தான்.

ஆகவே பட்டியலில் கை வைப்பதற்கு முன் தங்கும் இடத்தை மாற்றுங்கள். முந்தைய நாள் சாயங்காலமே ராமேஸ்வரம் வந்து படுத்துவிடுங்கள். அதுவும் ரயிலில் வாருங்கள். சாமான்களோடு வண்டி ரோட்டில் வரட்டும், நீங்கள் மதுரையிலோ ராமநாதபுரத்திலோ ரயில் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே பாம்பனைக் கடக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ரோட்டுப் பாலம் 1988 அக்டோபரில் திறந்தது. அதன் மேல் வண்டியை நிறுத்தி, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க அடிக்க எட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அது பார்ப்பதில் சேர்த்தி இல்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு கிலோமீட்டருக்குக் காலடியில் கடல்தான். 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பழைய பாலத்தில் நடுத்துண்டை ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். இரண்டு பக்கமும் கை தூக்குகிற மாதிரி மேலே எழும்பும். 2022 டிசம்பரோடு அதன் மேல் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகிறது. கப்பலோ பெரிய படகோ கடக்கிற நாள் வாய்த்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதற்காகக் காத்துக்கிடக்க வேண்டாம்.

விடியற்காலை ஐந்து மணி வாக்கில் கோயிலில் ஸ்படிக லிங்க தரிசனம். அம்மா விரும்பினால் அதற்கு எழுந்திருங்கள். அக்னி தீர்த்தம் என்கிற கடலில் முங்கிவிட்டு, உள்ளே 22 தீர்த்தங்களிலும் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். அதைச் செய்கிறவர்களுக்கு யாத்திரைப் பணியாளர்கள் என்று பெயர். டிக்கெட்டைக் கவுன்டரில் வாங்குங்கள், வெளியே கையைப் பிடித்து இழுக்கிறவர்களிடம் வாங்காதீர்கள். ஒரு விஷயம், கல் தரை முழுக்க ஈரம். 72 வயதில் 22 கிணறும் சுற்றுவது விளையாட்டல்ல. இரண்டு மூன்றில் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். யாரும் வருத்தப்பட்டதில்லை. ஈரத் துணியோடு மூலவரைப் பார்க்க விடமாட்டார்கள், மாற்றுத்துணி கையில் இருக்கட்டும்.

மூன்றாம் பிரகாரத்துக்கு மட்டும் தனியாக அரை மணி ஒதுக்குங்கள். 1212 தூண்கள். தூண்களை எண்ண வேண்டாம். ஒரு மூலையில் நின்று மறு மூலையைப் பாருங்கள், தூண்கள் குறுகிக் குறுகி ஒரு புள்ளியாகப் போய் நிற்கும். இந்தத் தீவில் கருங்கல் கிடையாது, பவளப்பாறையும் மணலும்தான். இத்தனை கல்லும் வெளியிலிருந்து தண்ணீரைத் தாண்டி வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அதை முடித்தவர் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி. சேதுவைக் காக்கிறவர் சேதுபதி, அதுதான் பட்டப்பெயரின் அர்த்தம். கோயிலுக்குள் இதற்கு மேல் கைடு வேண்டாம். உண்மையில் அம்மாவுக்குத் தெரிந்தது கைடுக்குத் தெரியாது.

இட்லியைச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு முன்னால் தனுஷ்கோடிக்குக் கிளம்பிவிடுங்கள். உங்கள் நாளின் நடு இதுதான், இங்கேதான் கைடு வேண்டும்.

2017-லிருந்து கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார் ரோடு. அதற்கு முன்னால் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பில் குலுங்கிக்கொண்டுதான் போவோம். ரோடு போட்டதால் அம்மா கடைசி வரை காரிலேயே போகலாம், அது நல்லது. கெட்டது என்னவென்றால், எல்லோரும் நேராக முனைக்குப் போய், வட்டம் அடித்து, திரும்பிவிடுகிறார்கள். முனையில் ஒரு தூணும் காற்றும்தான். ஊர் இருந்த இடம் முனைக்கு முன்னாலேயே வழியில் வந்துவிடும்.

1914-லிருந்து அம்பது வருஷம் மெட்ராஸில் ரயில் ஏறினவன் இங்கே வந்து இறங்கி, துறையில் நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கே நிற்கும் ரயிலில் ஏறிக் கொழும்பு போவான். இர்வின், கோஷன் என்று கப்பல்களுக்குப் பெயர். அந்த ரயிலுக்குப் போட் மெயில் என்று பெயர். எழும்பூர் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சுங்கம், சர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது அலை அடித்து முழுசாக இழுத்துக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல். பாம்பன் பாலத்தின் கர்டர்களிலும் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. அதை 46 நாளில் தூக்கி நிறுத்தி ரயில் விட்டார்கள். ஊரை மட்டும் நிறுத்தவில்லை. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது.

சர்ச்சின் சுவர் நிற்கிறது. பக்கத்தில் போய், காரை உதிர்ந்த இடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். கல் முழுக்கச் சின்னச் சின்ன நட்சத்திரம் மாதிரி ஓட்டைகள். அது பவளம். கடலிலிருந்து எடுத்த கல்லில் கட்டிய சர்ச். தடவிப் பார்க்கலாம், பெயர் எழுதக்கூடாது, பிய்க்கக்கூடாது.

அங்கேயே இன்னொன்று. மீன்பிடிக் குடும்பங்கள் குடிசை போட்டு இன்றும் இருக்கின்றன. அவர்களிடம் தண்ணீர் எங்கே என்று கேளுங்கள். மணலில் இரண்டு மூன்று அடி தோண்டிய குழி ஒன்றைக் காட்டுவார்கள். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல், நடுவில் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். நல்ல தண்ணீர். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரைவிட லேசாக இருப்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும். அதனால்தான் சிரட்டை, அதனால்தான் பொறுமை. பட்டியலில் இந்த ஊற்று இருக்காது. இதைக் காட்டாத கைடுக்குக் காசு கொடுப்பது வீண்.

முனையில் ஒரு பக்கம் குளம் மாதிரி, ஒரு பக்கம் சீறிக்கொண்டு இருக்கும். பெண் கடல், ஆண் கடல் என்று எல்லோரும் சொல்வார்கள். பாக் நீரிணைப் பக்கம் பெண், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண். ஆனால் வடகிழக்குப் பருவத்தில், வாடைக்காற்று அடிக்கிற மாசங்களில், பெண் கடல்தான் ஆட்டம் போடும், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். கைடைப் பிடிப்பதற்கு முன் போனில் இதைக் கேளுங்கள்: "நாங்க வர்ற மாசத்துல எந்தப் பக்கம் கடல் அமைதியா இருக்கும்?" மாசத்தைத் திருப்பிக் கேட்டால் அவர் கடலைப் பார்த்தவர். கேட்காமல் பதில் சொன்னால் மனப்பாடம் பண்ணினவர். முனையில் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது, அமைதியான பக்கத்திலும்தான். இரண்டு கடலும் சேருகிற இடத்தில் அடியோட்டம் எப்படி இழுக்கும் என்று மேலே நின்று தெரியாது. தலைமன்னார் அங்கிருந்து 30 கிலோமீட்டர்கூட இருக்காது என்பதால் போன் சில சமயம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். மலேசியா சிம் வைத்து வீடியோ கால் பேசிய ஒருவருக்கு வந்த பில்லை நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் காலையிலேயே போகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை. சில வருஷத்துக்கு முன் ஒரு குழுவோடு போனேன். ஏற்பாடு என்னுடையது இல்லை, பேச மட்டும் கூப்பிட்டார்கள். அதில் ஒரு பெரியவர், அவருடைய அப்பா இந்தத் துறையில் கப்பல் ஏறி இலங்கைக்குப் போனவர். அந்த இடத்தில் நின்று கொஞ்சம் மண் எடுத்துக்கொள்ளத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார். வண்டிக்காரர் காலையில் சங்குக்கடை ஒன்றில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார், பிறகு இன்னொரு கடை. கமிஷன். நாங்கள் செக்போஸ்ட்டுக்குப் போனபோது மாலை நேரம் தாண்டி, உள்ளே விடவில்லை. இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியே அனுப்புவது விதி. பெரியவர் சண்டை போடவில்லை. வண்டியை விட்டு இறங்கி கிழக்கே பார்த்து நின்றார். மறுநாள் அவருக்கு விமானம். அன்றிலிருந்து எங்கே போனாலும் நான் தனுஷ்கோடியைத்தான் முதலில் முடிப்பேன்.

கடை என்றதும் சொல்ல வேண்டியது. பவளக்கல், கடல் குதிரை, கடல் அட்டை எதையும், காய்ந்து போனதாக இருந்தாலும், வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. விற்றவன் கடையில் இருப்பான், விமான நிலையத்தில் மாட்டுவது நீங்கள். தொட்டியில் மிதக்கும் கல்லை ராமர் பாலக் கல் என்று காட்டுவார்கள். கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், விலைக்கு வேண்டாம். டிரோனையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிற கரை இது.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் பாம்பனில் உள்ள குந்துகால் கரை. 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் மேல்நாட்டுப் பயணம் முடிந்து கொழும்பு வழியாக வந்து இந்திய மண்ணில் கால் வைத்தது பாம்பனில்தான். வரவேற்ற பாஸ்கர சேதுபதி, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, வண்டியை ஆட்களோடு சேர்ந்து தானும் இழுத்தார் என்பார்கள். நினைவு மண்டபத்தைவிட அங்கே உட்கார்ந்து எதிரே குருசடைத் தீவைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளில் ஒன்று. 1986-லிருந்து தேசியப் பூங்கா. கண்ணில் நீச்சல் கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, காலில் கட்டிய தகடு என்று பாசி எடுக்கப் போகும் பெண்களை அந்தக் கரையில் பார்க்கலாம். அவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

இனி மண்டபம். தங்கச்சி, இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மண்டபம் முகாம் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய இடம். பின்னாளில் அதே முகாமில் இலங்கையிலிருந்து வந்த அகதிகள் தங்கினார்கள். மலாயாவுக்குப் போனவர்களுக்கு ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன, கப்பல் மெட்ராஸிலும் நாகையிலும் ஏறினார்கள். தாத்தா நேராக மலாயா போயிருந்தால் மண்டபம் வழியில் இல்லை. முதலில் இலங்கைக்குப் போய் அங்கிருந்து போயிருந்தால் இருக்கலாம், அப்படிப் போனவர்களும் உண்டு. வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருந்தால் துறைமுகத்தின் பெயரைப் பாருங்கள். இங்கே உங்கள் முகத்தைப் பார்த்ததும் "ஆமாம்மா, உங்க தாத்தா இதே இடத்துலதான் ஏறினார்" என்று சொல்லும் கைடு கிடைப்பார். கண் கலங்கும், டிப்ஸும் கொடுப்பீர்கள். அவரை நம்பாதீர்கள்.

சாப்பாட்டை மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ முடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது வந்தால் நாட்டுப்படகு மீன்தான், குறைவாக, ஆனால் அன்றைய மீன். ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அரண்மனையை விடாதீர்கள், விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் பெரிய வீடு மாதிரி. உள்ளே சுவர் முழுக்க 18-ஆம் நூற்றாண்டு ஓவியம்: ராமாயணம், தஞ்சை மராட்டியரோடு சண்டை, தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் சேதுபதியைப் பார்க்க வந்திருப்பது. இங்கே கைடு வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் அது வெறும் பழைய சிவப்புச் சுவர்தான்.

பிற்பகலில் தெற்கே கீழக்கரை ரோடு. வழியில் திருப்புல்லாணி. நடை திறந்திருந்தால் தர்ப்பையில் படுத்திருக்கும் ராமரைப் பார்த்துவிட்டு, பாயசம் வாங்கிக்கொண்டு நகருங்கள். உத்தரகோசமங்கையையும் தேவிபட்டினத்தையும் இந்த முறை விட்டுவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் விடுங்கள். கீழக்கரைக்கு ஐந்து மணிக்காவது போய்ச் சேர வேண்டும்.

டிராவல்ஸ் பட்டியல்களில் கீழக்கரை வருவதே இல்லை, எனக்குப் புரியவில்லை. கருங்கல் தூண்களோடு கோயில் மண்டபம் மாதிரியே நிற்கும் பெரிய பள்ளிவாசலைப் பாருங்கள். தூணில் உருவம் இருக்காது, பூவும் கொடியும்தான். கட்டியவர் 17-ஆம் நூற்றாண்டில் கிழவன் சேதுபதிக்கு நெருக்கமாக இருந்த வள்ளல் சீதக்காதி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நீங்கள் கிள்ளானில் சொல்லும் பழமொழியின் ஆள் இந்த ஊர்க்காரர். அவருடைய அடக்கமும் இங்கேதான். வெள்ளிக்கிழமை மதியம் தவிர்த்து, வெளியே இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, தலையில் துணி போட்டுக்கொண்டு, எது வரை போகலாம் என்கிறார்களோ அது வரை போங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருந்தால் இது சுலபம்.

எந்த மாசம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை சுகம், தை அமாவாசை நாளைத் தவிர. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் காலை வைக்க இடம் கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயல் எச்சரிக்கையும் வரும், அப்போது தனுஷ்கோடி ரோட்டை அடைத்துவிடுவார்கள். வண்டிக்கு வாடகை, டிரைவர் பேட்டா, டோல், கைடுக்குத் தனித்தொகை எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்பே பேசி, "கடையில் நிறுத்தக்கூடாது" என்பதையும் அதோடு சேர்த்துப் பேசுங்கள்.

கீழக்கரையை விட்டுக் கிளம்புமுன் தொதல் வாங்குங்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டு, கை விடாமல் மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்குவார்கள். பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு வரும், நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் வீட்டிலிருந்து உங்களுக்கு வரும் டோடோல் இதேதான். எங்கள் மரைக்காயர்கள் பாய்மரத்தில் போய் வந்த காலத்தில் இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று கீழக்கரைக் கடைக்காரரிடம் கேட்டால் ஒரு பதில் சொல்வார். கிள்ளானில் கேட்டால் வேறு பதில் வரும். கருப்பட்டித் தொதல் என்று கேட்டு வாங்குங்கள், சீனி போட்டது வேண்டாம். அம்மாவிடம் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினால் ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் மதுரை.